தலைய விட்டுடு தம்பி

மாசி மாதத்துக் காலை. கடலூருக்கு மேற்கே கேப்பர் மலையின் செம்மண் சரிவில், ஒரு முந்திரித் தோப்பின் வேலியோரம், இருளர் மூதாட்டி ஒருவர் நன்னாரி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் முழ நீளக் கடப்பாரை. முனை தேய்ந்து உளி மாதிரி ஆகியிருந்தது. செடி என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கம்பி போல ஒரு கொடி, அதில் ஒடுங்கிய இலைகள், இலை நடுவில் சுண்ணாம்பை விரலால் இழுத்துவிட்டது போல் ஒரு வெள்ளைக் கோடு. கொடியைத் தொட்டுக்கொண்டே கீழே போனவர், அது மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் குத்தாமல் ஒரு சாண் தள்ளிக் குத்தினார். நேராகக் குத்தியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்குமே ஆயா என்றேன்.

"தலைய விட்டுடணும் தம்பி. காலத்தான் எடுக்கணும்."

வேர் தட்டுப்பட்டதும் பாதி வரை மண்ணைப் பறித்து, அந்த இடத்தில் வெட்டி எடுத்தார். சர்பத் கடை வாசனை குப்பென்று வந்தது. குழியில் மண்ணைத் தள்ளி, குதிகாலால் ஒரு மிதி மிதித்துவிட்டு அடுத்த கொடிக்கு நகர்ந்துவிட்டார். அந்த ஒரு சாண் இடைவெளியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

காட்டு மூலிகை பறிப்பது பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி ஆகிவிடும். பறிக்கிறவர்கள்தான் காட்டைக் காலி செய்கிறார்கள், வேலி போடு என்பது ஒன்று. பழங்குடி மக்களுக்குத் தெரியாததா, அவர்கள் கைபட்டால் காடு செழிக்கும் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டின் மேலும் நம்பிக்கை இல்லை. எந்தச் செடி, அதில் எந்த உறுப்பு, எந்தப் பருவம், எவ்வளவு, எதை மிச்சம் வைத்தார்கள் என்று கேட்காமல் இதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: தோண்டுகிறவர் அடுத்த வருடமும் அதே இடத்துக்கு வருவோம் என்று நம்புகிறாரா?

முதலில் நம் ஊர்க் காடு எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது காடாகவே தெரியாது. முள், கொடி, நெருக்கமாகக் கிளைத்த குட்டை மரங்கள். இந்தியாவில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையை ஒட்டிய ஒடுங்கிய பட்டையில் இருக்கும் இந்தக் காட்டைத் தாவரவியல்காரர்கள் வறண்ட பசுமைமாறாக் காடு என்பார்கள். பெயரே முரண்டு பிடிக்கிறது அல்லவா? ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் சொச்சம் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்த்துவிடும். தை பிறந்தால் ஆறு மாதம் காய்ச்சல்தான். இவ்வளவு வறட்சி உள்ள இடத்தில் மரம் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்பதுதான் வழக்கம். காசான், வீரை, பாலை, இரும்பிலி போன்ற நம் மரங்கள் உதிர்ப்பதில்லை. இலையைச் சிறிதாக, தடிப்பாக, மெழுகு பூசியது போல் வைத்துக்கொண்டு சித்திரை வெயிலிலும் பச்சையாக நிற்கும்.

இவற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து தழைக்கும். பல தலைமுறையாக இந்தக் கரையோர ஊர்கள் அடுப்புக்கு இங்கேதான் விறகு வெட்டின. வெட்ட வெட்ட ஒற்றைத் தண்டு மரம் ஏழெட்டுக் கிளை கொண்ட புதராக மாறியது. நாம் பார்க்கும் குத்துக்காட்டின் உருவத்தில் பாதி, மனிதக் கை செதுக்கியது. வெட்டாமல் விட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போகலாம். கெடிலக் கரையில் திருமாணிக்குழிக்கோ, கடலூர்ப் பக்கம் குழந்தைகுப்பத்துக்கோ போகலாம். அதே இனங்கள் அங்கே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கின்றன. தொடை பருமனில் கொடிகள் முறுக்கிக்கொண்டு ஏறுகின்றன. புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இந்தக் கோயில் காடுகளில் மரங்களை எண்ணியும் அளந்தும் வருகிறார்கள். புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பும் இந்தக் காடுகளைப் புரிந்துகொள்ளப் பெரிய துணை.

இந்த மண்ணின் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே செடி வாசனை அடிக்கும். திருப்பாதிரிப்புலியூரில் பாதிரி. சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தில்லை. அதுவும் மரம்தான், பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும் என்று பயப்படுகிற மரம். கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு. திருவந்திபுரம் மலைக்கு ஔஷதகிரி என்றே பெயர். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது தலபுராணம். மருந்துச் செடிகளுக்குப் பேர்போன மலை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும்.

இனி உறுப்புக் கணக்கு.

இலை பறிப்பதுதான் செடிக்கு ஆகக் குறைந்த செலவு. சிறுகுறிஞ்சானை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இலையை மென்று துப்பிவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்டது மாதிரி இருக்கும். அரை மணி நேரம் நாக்குக்கு இனிப்பே தெரியாது. சர்க்கரை நோய்க்கு மருந்து என்று இதற்கு இருக்கும் கிராக்கி எல்லோருக்கும் தெரிந்ததுதான். முற்றிய இலையை மட்டும் உருவி, நுனியையும் தண்டையும் விட்டுவிட்டால் கொடி அடுத்த மழைக்குத் தழைத்துவிடும். மரத்தில் உயரமாக ஏறிய கொடியை எட்டாமல் அடியோடு வெட்டி இழுத்துப்போட்டு, நிழலில் உட்கார்ந்து இலையை ஆய்கிறவர்களும் இருக்கிறார்கள். எடை போடுமிடத்தில் இரண்டும் ஒரே இலைதான். தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை பற்றிக் கவலைப்பட அவ்வளவு இல்லை. ஒடித்தால் துளிர்க்கும், வேலியிலேயே கிடைக்கும்.

பட்டை அப்படியில்லை. இலையில் சமைத்த சாப்பாடு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாகத்தான். ஒரு பக்கமாக உள்ளங்கை அகலம் செதுக்கினால் மரம் காயத்தை மெல்ல மூடிக்கொள்ளும். சுற்றிலும் வளையமாக உரித்தால் வேர் பட்டினி கிடந்து மரம் சாகும், உடனே இல்லை, கொஞ்ச காலம் பச்சையாக நின்றுவிட்டு. அதனாலேயே உரித்தவனுக்கும் மரத்தின் சாவுக்கும் உள்ள தொடர்பு யார் கண்ணிலும் படுவதில்லை. ஆற்றோர மருத மரங்களுக்கு இதுதான் ஆபத்து. மரம் போனால் கரையும் பின்னாலேயே போகும்.

பழம் பறிப்பதில் ஒரு குற்றமும் இல்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். களாப்பழம், சூரைப்பழம், காரைப்பழம், வைகாசி வாக்கில் மஞ்சளாகப் பழுத்து விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் பாலைப்பழம். இந்தக் காட்டின் மரங்களில் பெரும்பாலானவை சதைப்பற்றான பழம் காய்ப்பவை. கொண்டைக்குருவியும் பழந்தின்னி வௌவாலும் மரநாயும் நரியும் தின்று, விதையை வேறிடத்தில் போட்டால்தான் காடு நகரும். மாடு மேய்க்கிற பையன் தின்று கொட்டையைத் துப்பினாலும் அதே வேலைதான் நடக்கிறது. அவனும் ஒரு கொண்டைக்குருவி. ஆனால் கூடை கூடையாகப் பறித்து பஸ் ஏற்றிவிட்டால் விதை பெரிய மார்க்கெட் குப்பைத் தொட்டியில் போய் முடிகிறது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, தெம்பாகத்தான் நிற்கிறது. அதன் கீழே குட்டிகள்தான் இல்லை. நீண்ட நாள் வாழும் மரங்களில் இந்தக் குறை வெளியே தெரிய ஒரு மனித ஆயுள் ஆகும்.

முழுச் செடியையும் பிடுங்கும் மூலிகைகளில் பருவம்தான் எல்லாம். கீழாநெல்லி வயல் வரப்பில் தானாக வருவது. இலைக்கு அடியில் வரிசையாகக் காய்த்து விதையைச் சிதறிக்கொண்டே இருக்கும். பூத்துக் காய்த்தபின் பிடுங்கினால் மண்ணில் போதுமான விதை விழுந்திருக்கும். நிலவேம்பும் விதையிலிருந்து வருவதுதான், ஆனால் பூக்கும் நேரத்தில்தான் சத்து அதிகம் என்று அப்போதே பறித்துவிடுவார்கள். அங்கே மருந்தின் பருவமும் செடியின் பருவமும் மோதுகின்றன. 2012இல் டெங்கு பரவியபோது தமிழ்நாடு அரசே நிலவேம்புக் குடிநீரை ஊரெங்கும் கொடுத்தது. அதன்பின் நாட்டு மருந்துக் கடைகளில் நிலவேம்பு கேட்காத மழைக்காலம் கிடையாது. இது பயிரிடக்கூடிய செடி, பயிரிடவும் செய்கிறார்கள். அப்படியில்லாத செடிகளுக்கு இந்த மாதிரி திடீர் புகழ் வந்தால் தாங்காது.

வேரும் கிழங்கும்தான் ஆகக் கடினமான கணக்கு. நன்னாரியிலும் இரண்டு வழி இருக்கிறது. தலையை, அதாவது தண்டும் வேரும் சேரும் முண்டை, மண்ணிலேயே விட்டால் கொடி மீண்டும் வரும். வெட்டுப்பட்டு மண்ணில் தங்கிய துண்டிலிருந்துகூட முளைக்கும். மாசியில் தோண்டுவதிலும் கணக்கு இருக்கிறது. அதற்குள் கொம்பு மாதிரி விரிந்த இரட்டைக் காய் வெடித்து, பஞ்சு கட்டிய விதைகள் காற்றில் போயிருக்கும். மண்ணும் முழுக்க இறுகியிருக்காது.

பலர் நன்னாரி என்று குடிக்கிற சர்பத்தில் நன்னாரியே இருக்காது என்பது வேறு கதை. மாகாளிக்கிழங்கு என்று வடமாவட்டத்துக்காரர்கள் ஊறுகாய் போடுவார்களே, அதற்கும் ஏறக்குறைய இதே வாசனை. இரண்டிலும் மணம் தரும் பொருள் ஒன்றுதான். மாகாளி நம் கரையோரச் செடி இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறை இடுக்கில் வளர்வது. விரல் தடிப்பில் கொத்தாக இருக்கும் கிழங்கை எடுக்க வேண்டுமென்றால் பாறையைப் புரட்டி முழுதாகப் பெயர்க்க வேண்டும். அங்கே தலையை விடு, காலை எடு என்பதற்கு இடமே இல்லை. உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள செடிகளின் பட்டியலில் அது இடம்பெற்றிருப்பதில் ஆச்சரியமில்லை. நன்னாரி இன்னும் வேலிதோறும் கிடைக்கிறது. இரண்டையும் வேருக்காகத்தான் தோண்டுகிறார்கள். செடியின் உடல்வாகு வேறு, அதனால் விளைவும் வேறு.

இதில் வெட்டிவேரின் கதைதான் எனக்குப் பிடித்தது. வேரை எடுப்பதென்றால் புல்லையே பெயர்த்தாக வேண்டும், வேறு வழியில்லை. நொச்சிக்காடு, தியாகவல்லிப் பக்கத்துக் கடற்கரை மணலில் அதைப் பயிராகவே ஆக்கிவிட்டார்கள். களிமண்ணில் தோண்டினால் வேர் அறுந்துபோகும். மணலில் சேதமில்லாமல் நீளமாக வரும். வேரை வெட்டி எடுத்ததும் தூரில் தாளோடு ஒரு பிடியைப் பிரித்து அங்கேயே நட்டுவிடுவார்கள். தலையை விடுவது என்பதே அங்கே விவசாயம் ஆகிவிட்டது. எல்லாச் செடிக்கும் இது ஒத்துவராது. செங்காந்தளைக் கொங்குப் பக்கம் பயிராக்கத் தொடங்கியபோது, விதைக்கிழங்குக்காகக் காட்டிலும் வேலியிலும் இருந்ததைத் தோண்டினார்கள். பயிராக்கியது காட்டைக் காப்பாற்றுவதற்கு முன் காட்டைத்தான் முதலில் தின்றது.

இதுவரை சொன்னது கையளவு எடுப்பது. அளவு மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டை விடத் தெளிவான பாடம் நம் மாவட்டத்தில் இல்லை.

அங்கே காடு குறைந்துகொண்டே வந்தபோது, சுற்று வட்டார ஜனங்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால்தான் என்று வெகுநாள் பேச்சு இருந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் நிலத்தை ஆராய்ந்தபோது வேறொரு காரணம் முன்னுக்கு வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, சதுப்பு நிலக் காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, வருமானத்துக்காக ஒவ்வொரு கூறையும் முறைவைத்து மொட்டையடித்திருக்கிறார்கள். திருட்டு வெட்டு இல்லை, திட்டம் போட்டு, கணக்கு எழுதி வெட்டியது. மலைக்காட்டில் இப்படி வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்ற அனுபவத்தைக் கழிமுகத்தில் பொருத்திப் பார்த்தார்கள்.

கழிமுகம் வேறு மாதிரி வேலை செய்யும். சுரபுன்னையும் கண்டலும் நிழல் போட்டிருக்கும்வரை சேறு ஈரமாக, பொதபொதவென்று இருக்கும். மரத்தை மொத்தமாக எடுத்ததும் வெயில் நேராக அடிக்கிறது. சேற்றிலிருந்த நீர் ஆவியாகி மண் சுருங்கி அமுங்குகிறது. நடுவில் தாம்பாளம் மாதிரி ஒரு பள்ளம். ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வடியும்போது திரும்பிப் போக வழியில்லாமல் அந்தப் பள்ளத்தில் தங்கிவிடுகிறது. தங்கிய நீர் காய, உப்பு மட்டும் மிஞ்சுகிறது. அடுத்த ஓதம், இன்னும் உப்பு. கடைசியில் கடலை விட உப்பேறிப்போன மண்ணில் கண்டல் விதை விழுந்தாலும் கருகிவிடும். உமரி மட்டும் சிவப்பாகப் படரும்.

சரிசெய்த முறையும் எளிமையானது. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள். ஓதம் முள் வழியே ஏறி, முள் வழியே இறங்கி, உப்பைக் கழுவிக்கொண்டு போனது. பிறகு வெண்கண்டலை நட்டார்கள், பிழைத்தது. வனத்துறையும் அந்த ஊர் மக்களும் சேர்ந்து செய்த வேலை அது. 2004 சுனாமியின்போது பிச்சாவரம் பேசப்பட்டதும், 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அந்தப் பள்ளத்தின் கதைதான் அவ்வளவாக வெளியே வரவில்லை. காய்ந்த கிளையை ஒடித்துக்கொண்டு போன பெண் நிழலை எடுக்கவில்லை. நிழலை எடுத்தது ரசீது புத்தகம்.

ஜனங்களுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாட்டை விட்டால் கன்று தலையெடுக்காது, அதுவும் உண்மைதான். எதற்கு எவ்வளவு எடை போடுவது என்பதில்தான் நாம் தொடர்ந்து தப்புப் பண்ணுகிறோம்.

கோயில் காட்டுச் சட்டம் இதற்கு நேர் எதிர். கிராமத்துக்குக் கிராமம் கொஞ்சம் மாறும் என்றாலும் சாரம் ஒன்றுதான்: சுள்ளியைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது, பொங்கல் வைக்க வேண்டுமா, உள்ளேயே பொறுக்கி உள்ளேயே எரி. மண் குதிரைகளுக்கு நடுவே விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்கும். மக்கும் கட்டையில் கறையான், கறையானுக்குப் பின்னால் உடும்பு என்று ஒரு வரிசையே அதை நம்பி வாழ்கிறது. சாமிக்குப் பயந்து யாரும் செய்யாமல் விட்டது, சூழலியல் கணக்கில் சரியாகப் பொருந்திவிட்டது. மருந்துக்கு ஒரு கைப்பிடி இலை பறிக்க மட்டும் சாமி கோபித்துக்கொள்ளாது. இப்போது கோயில் காட்டை உறுத்துவது மூலிகைக்காரர்கள் இல்லை. கார் நிறுத்த இடமும் சிமெண்டுத் தளமும் சமையல் கொட்டகையும்தான். ஓரம் திறந்ததும் வெளிச்சம் உள்ளே வருகிறது. வெளிச்சத்தோடு உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் வருகின்றன. அய்யனாருக்கு நல்ல மண்டபம் கட்டிவிட்டு அவர் காட்டைச் சுருக்கிக்கொண்டிருக்கிறோம்.

கோயிலுக்கு வெளியே இருந்த காடு எங்கே போனது? போர்ச்சுகீசியர் கொண்டுவந்த முந்திரி பண்ருட்டி, விருத்தாசலம் செம்மண்ணுக்கு அப்படி ஒத்துப்போனது. மணற்பாங்கான இடங்களைச் சவுக்கு எடுத்துக்கொண்டது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து முந்திரியும் பலாவும் ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்ந்தபோது, விழுந்த தோப்பில் மறுபடி முந்திரி நட்டவர்களும் உண்டு, மனை போட்டவர்களும் உண்டு. முந்திரித் தோப்பின் அடியிலும் வேலியிலும் நன்னாரி, சிறுகுறிஞ்சான், தண்ணீர்விட்டான் எல்லாம் ஒட்டிக்கொண்டு இருந்தன. மனைப்பிரிவில் வேலி என்ற ஒன்றே கிடையாது.

இருளர்களின் நிலையை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1970களில் பாம்புத்தோல் வியாபாரத்துக்குத் தடை வந்தபின் ஒரு பிழைப்புப் போயிற்று. செங்கல் சூளை, சவுக்கு வெட்டு, வயலில் எலி பிடிப்பது, கழியில் கையால் தடவி இறால் பிடிப்பது என்று பலவற்றில் சிதறிப்போனார்கள். செடி தோண்டுவது அதில் ஒரு பகுதி. புதுச்சேரியில் இருளர்களைப் பழங்குடியினராகப் பட்டியலில் சேர்த்ததே 2016இல்தான். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வேர், கிழங்கு, தேன், மூலிகை சேகரிக்கும் உரிமையை ஒப்புக்கொள்கிறது. ஆனால் அது வன நிலத்துக்கு. கடலூர் இருளர் தோண்டுவது யாரோ ஒருவரின் தோப்பு வேலியில், ஏரிக்கரைப் புறம்போக்கில், கோயில் நிலத்தில். எந்தச் சட்டமும் அவரை அங்கே உரிமைக்காரராகப் பார்ப்பதில்லை. தோப்புக்காரர் முகம் சுளிக்காதவரை தோண்டலாம்.

கேப்பர் மலைக்கே திரும்புகிறேன். அன்று ஆயாவோடு நடந்துகொண்டே போனபோது ஒரு திருப்பத்தில் நிலம் சட்டென்று சமமாக இருந்தது. முந்திரிக் கட்டைகளைப் பெயர்த்து ஓரமாகக் குவித்திருந்தார்கள். வெள்ளையும் மஞ்சளுமாகச் சர்வே கற்கள் வரிசையாக நின்றன. எஞ்சியிருந்த வேலித் துண்டில் ஒரு நன்னாரிக் கொடி கல்லைச் சுற்றிக்கொண்டு ஏறியிருந்தது. இங்கே ஆயா ஒரு சாண் தள்ளவில்லை. தண்டின் அடியிலேயே குத்தினார். ஒரு முழத்துக்கும் மேலான வேர், முண்டோடு, பக்கவேர்களோடு முழுசாக வந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "நாளைக்கு ஜேசிபி வந்து நிக்கும். யாருக்கு உட்டு வெக்கறது?"

பையில் அதுவரை எடுத்த வேரையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினார். இந்தக் கொடியின் முண்டை மட்டும் நறுக்கி, செம்மண்ணை ஒரு கைப்பிடி அள்ளி, கிழிந்த ரேஷன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுப் பின்னால் ஓடையோரம் நட்டுப் பார்ப்பாராம். அங்கே உவர் மண், பிடிக்கிறதோ இல்லையோ என்றார்.